மழைக்காலத்துக்கு முன் கேம்பர் வேன் ஜெனரேட்டரை எடுத்து வைப்பது எப்படி

மலைநாட்டில் ஜெனரேட்டர் ஓடிக் கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் முடிந்து, மே மாதக் கடைசியில் மழை பிடித்ததும், உள்ளேயே படுத்துத் தங்கும் சுற்றுலா வேன்களான கேம்பர் வேன்களை ஓரங்கட்டிவிடுவார்கள். ஜெனரேட்டர் அரை டாங்கி பெற்றோலோடு உள்ளேயே கிடக்கும். அடுத்த ஹயருக்கு ஆள் வரும்போது கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. ஹட்டனில் என் கராஜுக்கு வரும் சின்ன ஜெனரேட்டர்களில் முக்கால்வாசிக்கு இதுதான் நோய்.

அடைபடுவது, பெற்றோலைக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் காபரேட்டர். பெற்றோல் ஒரு மாதம் நின்றாலே தரம் இறங்கத் தொடங்கும். சில மாதங்களில் லேசான பாகம் ஆவியாகி, மிச்சம் பிசினாகி, பெற்றோலை அளந்து விடும் ஜெட்டின் ஊசித்துளையில் ஒட்டிக்கொள்ளும். 2022 தட்டுப்பாட்டில் கேனில் சேர்த்து வைத்த பெற்றோலைக் காலம் கடந்து ஊற்றியவர்கள் இதை நன்றாகவே பார்த்திருப்பார்கள். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் இடையில், அரை டாங்கியின் வெற்றிடத்தில் இருக்கும் ஈரக்காற்று தண்ணீராக மாறும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கி, டாங்கியைத் துருப்பிடிக்க வைக்கும்.

அதனால் வேனை நிறுத்தும் அன்றே வேலையை முடித்துவிடுங்கள். முதலில் ஜெனரேட்டரை வெளியே இறக்கி, ஏதாவது லோட் (கரண்ட் இழுக்கும் சாமான்) கொடுத்து இருபது நிமிடம் ஓட விடுங்கள். நிறுத்தியதும் சூட்டோடு ஒயிலை வடியுங்கள். சூடான ஒயில்தான் அடியில் கிடக்கும் அழுக்கையும் சேர்த்து இறக்கும். அளவுக் கம்பியில் பால் கலந்த தேநீர் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால், ஒயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குளிரில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தும் இயந்திரங்களில் இது வரும். புது 10டபிள்யூ-30 ரக ஒயில் ஊற்றுங்கள். இரண்டு கிலோவாட் அளவு ஜெனரேட்டருக்கு அரை லீற்றர்கூடத் தேவைப்படாது. புது இயந்திரத்துக்கு முதல் ஒயில் மாற்றம் 20 மணி நேர ஓட்டத்தில், அப்புறம் 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது.

அடுத்தது பெற்றோல். டாங்கியை முழுதாக வடித்து வேன் டாங்கியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஊற்றிவிடுங்கள். பிறகு ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை விடுங்கள். அணைந்த பிறகும் காபரேட்டர் கிண்ணத்தில் கொஞ்சம் மிஞ்சும். அடியில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி அதையும் எடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிச் சொட்டுகளைத்தான், அடைப்பதும் அவைதான்.

இயந்திரம் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக மூன்று நான்கு தரம் இழுங்கள். பிளக்கைத் திரும்பப் பூட்டி, கயிறு இறுகும் இடம்வரை இழுத்து அங்கேயே விடுங்கள். அந்த நிலையில் காற்று போகும் வால்வு, புகை வரும் வால்வு இரண்டும் மூடியிருக்கும், மூடுபனி சிலிண்டருக்குள் போகாது. கொழும்பில் இதைச் செய்யாமல் தப்பிவிடலாம். இங்கே முடியாது.

ஏர் ஃபில்டர் பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஒயிலில் தோய்த்துப் பிழிந்து போடுங்கள். ஜெனரேட்டரைச் சிமெந்துத் தரையில் வைக்காதீர்கள், பலகை மேல் வையுங்கள். பொலித்தீனால் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்திப் புடவை போதும். புகைக்குழாய் வாயை அடைத்துவிட்டால் எலி கூடு கட்டாது. ஆனால் அடைத்திருப்பதை ஒரு அட்டையில் எழுதிக் கயிற்றுப் பிடியில் கட்டுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்பதால் எடுத்து வைக்க மனமில்லையா? சரி, அப்படியென்றால் மாதம் ஒரு தரம், வெளியே வைத்து, அரை லோடில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு ரைஸ் குக்கர் நல்ல லோட், சோறும் ஆகிவிடும்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சுமார் மூன்றரை வீதம் சக்தி குறையும். 2,000 வாட் என்று எழுதியிருந்தாலும் அங்கே 1,600 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். காற்று குறைவதால் கலவையில் பெற்றோல் கூடி, ஸ்பார்க் பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும். உயரத்துக்கென்று சின்ன ஜெட் கிடைக்கிறது. ஆனால் வேன் எல்ல வழியாக அறுகம்பே வரை இறங்குவதாக இருந்தால் போடாதீர்கள், கடற்கரையில் இயந்திரம் சூடாகிக் கெடும். லோடைக் குறைத்து, பிளக்கை அடிக்கடி துடைப்பதே மேல். சாய்வான நிலத்தில் வைத்தாலும், ஒயில் குறைவு என்று எடுத்துக்கொண்டு ஒயில் சென்சர் இயந்திரத்தை நிறுத்திவிடும். பழுது என்று தூக்கிக்கொண்டு வருமுன் சமதரையில் வைத்துப் பாருங்கள்.

டிரைவர் பையன்களிடம் நான் விடாமல் சொல்வது ஒன்று: "தம்பி, குளிருதுன்னு ஜெனரேட்டரை வேனுக்குள்ள, வாசலுக்குக் கிட்ட வச்சு ஓட்டாதே." புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறவர் எழும்பமாட்டார். குறைந்தது 20 அடி தள்ளி, புகை வேன் பக்கம் வராதபடி வையுங்கள். எல்லாரும் தூங்கப் போகுமுன் நிறுத்திவிட வேண்டும். குளிருக்குக் கம்பளி கொடுங்கள், ஹீட்டர் வேண்டாம்.

2025 நவம்பரில் டித்வா புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் தவித்ததுபோல் ஒரு நாள் வந்து, வேன் ஜெனரேட்டரை வீட்டுக்குக் கொண்டுபோனால், சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். அது லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்யும் மின்சார ஊழியரைக் கொன்றுவிடும். தனி வயரில் நேராக எடுங்கள், இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து, வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள்.

திரும்ப எடுக்கும் நாளில் புகைக்குழாய் அடைப்பை நீக்கி, ஒயில் மட்டம் பார்த்து, பெற்றோல் செட்டில் அன்று வாங்கிய புதுப் பெற்றோலை ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் நீலப்புகை வரும், அது சிலிண்டருக்குள் விட்ட ஒயில். புகை தெளிந்த பிறகே லோட் கொடுங்கள்.