பிள்ளையின் சாவுக்கு நீதி கேட்கிற பெற்றோருக்கு: காசு எங்கே உதவும், பிடிவாதம் எங்கே உதவும்

காசு இருந்தால் நீதி கிடைக்குமா, விடாமல் அலைந்தால் கிடைக்குமா என்று கேட்டால் இரண்டும் உதவும் என்றுதான் சொல்வேன், ஆனால் சனம் நினைக்கிற இடத்தில் இல்லை. காசு நல்ல சட்டத்தரணியைப் பிடித்துத் தரும், கொழும்புக்குப் போய்வர வைக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் கைநழுவிப் போன சாட்சியத்தை எவ்வளவு காசு கொட்டினாலும் திரும்ப வாங்க முடியாது. அதனால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பிள்ளையின் மரணத்தில் சந்தேகமுள்ள தாய் தகப்பன், அல்லது அவர்களுக்காக ஓடித்திரிகிற மாமா, சித்தப்பா, எதை முதலில் செய்யவேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பிரேதம். வீட்டில் பந்தல் போட்டாயிற்று, சனம் வந்து குந்தியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு தாளை நீட்டுகிறார்கள், பிரேதம் கெதியாகக் கிடைக்கட்டும் என்று "மரணத்தில் சந்தேகம் இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் ஜனாஸா அடக்கம் பிந்தக் கூடாது என்ற அவசரமும் சேரும். பிறகு வழக்கென்று வரும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தூக்கிக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். சந்தேகம் இருந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலத்திலேயே அதைச் சொல்லுங்கள், சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை வேண்டும், நீதவான் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்று, எரிக்கவேண்டாம், அடக்கம் செய்யுங்கள். றகர் வீரர் வசீம் தாஜுதீன் 2012இல் இறந்தபோது அது வாகன விபத்து என்றுதான் சொல்லப்பட்டது. 2015இல் நீதிமன்ற உத்தரவில் உடலைத் தோண்டியெடுத்தார்கள், 2016இல் நீதவான் அதைக் கொலை என்றார். அடக்கம் செய்திருந்ததால்தான் அந்த வழி திறந்திருந்தது.

பிள்ளை உடுத்திருந்த உடுப்பைக் கழுவாதீர்கள். இரத்தம் பட்டது என்றால் பொலித்தீன் பையில் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், நிழலில் காயவிட்டுக் கடதாசிப் பையில் போட்டு, பொலிஸிடம் கொடுக்கும்போது கொடுத்ததாக எழுத்தில் வாங்குங்கள். கைத்தொலைபேசியைத் தம்பி தங்கச்சி பாவிக்கக் கொடுக்கவேண்டாம். விபத்து என்றால் மோட்டார் சைக்கிளை கராஜுக்கு அனுப்பாதீர்கள். தெருவோரக் கடைகளின் கமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், அன்றைக்கே போய் முதலாளியைக் கெஞ்சியாவது ஒரு பிரதி எடுங்கள், செத்தவீட்டு வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

பொலிஸ் முறைப்பாடு தமிழில்தான் எழுதப்படவேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் எழுதிவிட்டால் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் ஸ்டேஷன் வாசல் தாண்டவேண்டாம். பொலிஸ் முறைப்பாட்டை எடுக்கவே மாட்டோம் என்றால், நேரே நீதவானிடம் தனிப்பட்ட முறைப்பாடு கொடுக்கலாம், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 136ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

இப்போது பலர் கோட்டைவிடுகிற இடம். சாவுக்குப் பொலிஸ், படை, அரச ஆஸ்பத்திரி போன்ற அரச தரப்பு காரணம் என்றால், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். நம்மவர்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார்கள். காரியம் முடியும்போது அந்த ஒரு மாதமும் முடிந்துவிடும். சட்டத்தரணி உடனே அகப்படாவிட்டால் அதே மாதத்துக்குள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. விசாரணை நடக்கிறது என்று காட்டுகிற கடிதத்தைக் கட்டாயம் வைத்திருங்கள். கொலைக்குக் குற்ற வழக்குத் தொடரக் காலவரையறை இல்லை. நட்டஈட்டு வழக்கென்றால் இரண்டு வருடம் தாண்டவிடாதீர்கள்.

சரி, காசுக்கு வருவோம். ரியன்சி அர்சகுலரத்ன என்பவர் சாதாரண ஆள் இல்லை, ஜனாதிபதி சட்டத்தரணி. மூளைக் கட்டியில் இறந்த தன் சின்ன மகளுக்காகப் பேராசிரியை பிரியானி சொய்சா என்ற வைத்தியர் மேல் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு தரச் சொன்னது. மேன்முறையீட்டில் தொகை குறைந்தது, 2001இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கே விழுந்துவிட்டது. வைத்தியரின் கவனக்குறைவால்தான் பிள்ளை இறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு. சட்டம் தெரிந்த தகப்பன், வசதி, பிடிவாதம் எல்லாம் இருந்தும் 'இதனால்தான் அது' என்ற இணைப்பில் வழக்கு நின்றுபோனது. அன்றைக்குப் பிள்ளையை இழந்த துக்கத்துக்கென்று நட்டஈடு கேட்கவும் வழி இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு பெற்றோர் அன்பையும் துணையையும் இழந்ததற்காகவும் கேட்கலாம். ஆஸ்பத்திரி சம்பந்தமான சாவு என்றால் காசை முதலில் செலவழிக்கவேண்டியது இதற்குத்தான்: அந்தத் துறையில் வேறொரு வைத்திய நிபுணரிடம் பத்திரங்களைக் காட்டி, எழுத்தில் அபிப்பிராயம் வாங்குவது. பெயர் பெற்ற சட்டத்தரணி அதற்கு அடுத்ததுதான்.

காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், மட்டக்களப்பில் அலுவலகம் உண்டு. புங்குடுதீவு மாணவி கொலையில் குடும்பம் வசதியானது இல்லை. 2015 மே மாதம் நடந்த கொலைக்கு 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் தீர்ப்பு வந்தது. ஊரே தெருவுக்கு இறங்கியதும் அரசு விசாரிக்க விரும்பியதும் அதற்குக் காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். மறுபக்கம், 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் மகனைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்த வைத்தியர் மனோகரன் ஜெனிவா வரை போய்ப் பேசினார். 2019இல் சாட்சியம் போதாது என்று பொலிஸ் தரப்புச் சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அரசின் ஆளாக இருந்தால் பாதை இப்படித்தான் நீளும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பிடிவாதம் என்றால் ஸ்டேஷனில் போய்ச் சத்தம் போடுவது இல்லை. ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றத்தில் நில்லுங்கள், உங்கள் தரப்பில் யாரும் இல்லாத நாளில்தான் வழக்கு மெல்ல நழுவும். பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கிற பி அறிக்கையின் பிரதியைச் சட்டத்தரணி மூலம் எடுங்கள். வழக்குக் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய்த் தூங்கினால் வழக்கிலக்கத்தைப் போட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள், பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள், பதில் வராவிட்டால் திரும்ப எழுதுங்கள். வழக்கின் நிலைமையை அறியவும், சாட்சிகளை யாரும் மிரட்டினால் பாதுகாப்புக் கேட்கவும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எதிர்த்தரப்பு மரணச் செலவுக்கென்று காசு கொண்டுவந்தால் வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம், வறுமையில் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூடவே நீட்டுகிற தாளில் "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற மாதிரி ஏதாவது இருந்தால், சட்டத்தரணி பார்க்கும்வரை பேனையைத் தொடாதீர்கள்.