ரகசிய அறை வைத்த இருக்கைப் பெட்டி: துப்பாக்கியை மறைத்து, பூட்டி வைப்பது எப்படி?

மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. துணிகளுக்கு அடியில் ஒளித்த துப்பாக்கியைத் திருடன் தேடியெடுக்க நேரமாகலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது, ஒருநாள் கண்டுபிடித்தே தீருவார்கள். அதனால் இந்த இருக்கைக்குள் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று கட்டாயம் உண்டு. மரவேலை அதை மறைக்க மட்டுமே. வேலையைத் தொடங்குமுன் உரிம விதிகளைப் படித்துவிடுங்கள். தரச்சான்று பெற்ற பெட்டிதான் வேண்டும் என்று விதி சொன்னால், முதலில் அதை வாங்கி, அதன் அளவுக்கு மரத்தை வெட்டுங்கள்.

இங்கே தரும் அளவுகள் 80 மி.மீ. உயரத்துக்குள் அடங்கும், மேல்மூடி திறக்கும் கைத்துப்பாக்கிப் பெட்டிக்கானவை. இருக்கையின் நீளம் 900, அகலம் 420, உயரம் 450 மி.மீ.

18 மி.மீ. ப்ளைவுட்டில் வெட்ட வேண்டியவை: முன்பலகை, பின்பலகை இரண்டும் 900 × 432, பக்கப் பலகை இரண்டு 384 × 432, அடிப்பலகை 864 × 384, மூடி 930 × 435. 2440 × 1220 அளவுள்ள ஒரே தாளில் எல்லாம் அடங்கும். பொய்த்தளத்துக்கு, அதாவது இரும்புப் பெட்டியை மறைக்கும் போலித் தரைக்கு, 12 மி.மீ. ப்ளைவுட்டில் 860 × 380 துண்டு ஒன்று.

முதலில் கூடு. மரப்பசை தடவி, 2.5 மி.மீ. துளையிட்டு, 4 × 40 மி.மீ. ஸ்க்ரூவால் இணையுங்கள். துளையில்லாமல் ஸ்க்ரூவை ஏற்றினால் ப்ளைவுட்டின் விளிம்பு அடுக்கடுக்காகப் பிளக்கும். பசை காயுமுன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பொய்த்தளம் ஒரு மூலையில் இறுகி, இன்னொரு மூலையில் இடைவெளி காட்டும்.

அடுத்தது பொய்த்தளம். திறமை வேண்டிய இடம் இதுதான். இதில் கைப்பிடியோ விரல்துளையோ கிடையாது. வலது முனையை அழுத்தினால் இடது முனை எழும்பும். அதற்கு அடிப்பலகையிலிருந்து 90 மி.மீ. உயரத்தில் மேல்விளிம்பு வரும்படி 20 × 20 ரீப்பர்களை (மரச்சட்டங்களை) முன்னும் பின்னும் ஒட்டி, ஸ்க்ரூ போடுங்கள். இடது சுவரில் தொடங்கி, வலது சுவருக்கு 150 மி.மீ. முன்னால் நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தில் குறுக்கே ஒரு ரீப்பர். ஊஞ்சல் பலகைபோலத் தளம் சாய்வது அதன் மேல்தான். வலது முனையை 10 மி.மீ. அழுத்தினால் இடது முனை 47 மி.மீ. வரை எழும்பும், விரல் நுழைய அது போதும்.

புதிதாகச் செய்பவர்கள் நான்கு பக்கமும் ரீப்பர் அடித்துவிடுவார்கள், பிறகு தளம் அசையாது. குறுக்கு ரீப்பரை வலது சுவருக்கு மிக அருகில், 50 மி.மீ. தூரத்தில் வைப்பது இன்னொரு தவறு. தளம் இரண்டு கிலோவுக்குமேல் எடையுள்ளது, அவ்வளவு அருகில் வைத்தால் அதைக் கட்டைவிரலால் அழுத்தித் தூக்க முடியாது. சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி தேவை. வார்னிஷ் பூசியபின் அது குறைந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யுங்கள். வலது ஓரத்தில் கனமான பொருள் வைத்தால் தளம் தானே எழும்பும். அங்கே போர்வைபோல் லேசானதே இருக்கட்டும்.

வெளியே 450 மி.மீ. உயரம், உள்ளே 312 மி.மீ. ஆழம். இந்த வித்தியாசம்தான் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும். முன்பக்கமும் இரு பக்கங்களிலும் 120 மி.மீ. உயரப் பட்டை ஒன்றை வெளிப்புறம் ஒட்டுங்கள். அடிப்பலகை 18, அறை 90, தளம் 12, கூட்டினால் அதே 120. பட்டையின் மேல்விளிம்பும் உள்தளமும் ஒரே மட்டத்தில் வருவதால், பட்டை முழுதும் வெறும் பீடம் என்றே கண் நம்பும்.

இரும்புப் பெட்டியை இடது பக்கம் பொருத்துங்கள். வலது முனை கீழே இறங்க இடம் வேண்டும். 8 மி.மீ. வட்டத்தலை போல்ட் நான்கு, நீளம் 30 மி.மீ. அடிப்பலகையின் கீழ்ப்பக்கம் 6 மி.மீ. பள்ளம் எடுத்துத் தலையைப் புதையுங்கள். வாஷரும் நட்டும் பெட்டிக்குள் இருக்கட்டும். அப்போதுதான் பூட்டைத் திறக்காமல் யாரும் கழற்ற முடியாது. இருக்கை சுமார் 20 கிலோதான், இருவர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ரகசிய அறைக்குள்ளிருந்தே பின்பலகை வழியாக மூன்று ஸ்க்ரூக்களை வீட்டுச் சுவரில் பிளக் வைத்து முடுக்குங்கள்.

மூடிக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். விளையாட்டாகக் குழந்தை உள்ளே ஏறி மூடிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கோணத்திலும் மூடியை நிறுத்தும் தாங்கி போடுங்கள், பக்கப் பலகைகளின் மேற்பகுதியில் 20 மி.மீ. காற்றுத்துளை இரண்டிரண்டு விடுங்கள்.

துருவும் ஒரு எதிரி. பஞ்சுபோன்ற சாதாரண ஃபோம் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கும், தோல் உறையும் அப்படியே. ஈரம் உறிஞ்சாத பாலித்தீன் ஃபோம் விரியுங்கள். ஓக் மரத்திலிருந்து அமில ஆவி வரும், அறைக்குள் அது வேண்டாம். வார்னிஷ் வாசம் முழுதும் போனபின் பொருளை வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றும், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டரும் போட்டு, 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

வைக்கும்போது மேகசினை (தோட்டா அடுக்கும் கூட்டை) கழற்றி, சேம்பரை (சுடுமுன் தோட்டா ஏறி நிற்கும் இடத்தை) கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். தோட்டாக்கள் வேறு இடத்தில், வேறு பூட்டில். சாவியை இருக்கைக்குள்ளோ அதே அறையின் மேசையிலோ வைக்காதீர்கள். எண்பூட்டு என்றால் பிறந்தநாள் வேண்டாம், அதைத்தான் பிள்ளைகள் முதலில் போட்டுப் பார்ப்பார்கள்.