தொந்தரவு அழைப்பா, திருட்டு அழைப்பா? மும்பைத் தமிழர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

செம்பூரில் வசிக்கும் என் அத்தையின் மதிய உறக்கத்தைக் கெடுக்கும் அழைப்புகளில் பல, கடன் வேண்டுமா என்று கேட்பவை. சில, வங்கிக் கணக்கு இன்றே முடங்கும் என்று மிரட்டுபவை. இரண்டையும் ‘தொல்லை’ என்ற ஒரே பெயரில் அடக்கி, அந்த எண்ணைத் தடுத்துவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஆனால் முன்னது விற்பனை, பின்னது திருட்டு. புகார் செய்ய வேண்டிய இடங்களும் வெவ்வேறு.

முதற்படி: விளம்பர அழைப்புகளை நிறுத்துதல்

உங்கள் கைப்பேசியிலிருந்து 1909 என்னும் எண்ணை அழைத்து, விளம்பரங்கள் வேண்டாம் என்று பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தியே வசதி என்பவர்கள், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ‘ஸ்டார்ட்’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு 0 சேர்த்து அதே எண்ணுக்கு அனுப்பலாம். 0 என்பது எல்லா வகை விளம்பரங்களையும் தடுக்கும். வங்கி, வீடு மனை, கல்வி, சுற்றுலா என்று வகை பிரித்துத் தடுக்கவும் வழியுண்டு. எனினும் மும்பையில் வீடு தேடி அலைபவரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓடிபியும் வங்கிப் பற்றுவரவுச் செய்திகளும் இதனால் நின்றுவிடமாட்டா.

இரண்டாம் படி: எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தல்

பதிவு பெற்ற நிறுவனங்களின் விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும். வங்கிகள் போன்றவை கணக்கு தொடர்பாக அழைப்பதற்கென 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து ஒருவர் கிரெடிட் கார்டு விற்க முற்பட்டால், அவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்பே விதிமீறல் நடந்துவிட்டது. அழைத்த எண், தேதி, நேரம், பேச்சின் சுருக்கம் ஆகியவற்றுடன் ஏழு நாட்களுக்குள் 1909இலோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி செயலியிலோ புகார் அளியுங்கள். 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, பதிவு பெறாத எண்களைப் பற்றிப் புகார் செய்ய, நீங்கள் முதற்படியை முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மூன்றாம் படி: மிரட்டலைத் துண்டித்தல்

திருடனுக்கு 1909 பதிவு ஒரு பொருட்டே அல்ல. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் சிக்கியது என்று ஒருவர் தொடங்குவார், இணைப்பு ‘காவல்துறை’க்கு மாறும், வாட்ஸ்அப் காணொளியில் சீருடை அணிந்த ஒருவர் தோன்றி, நீங்கள் ‘டிஜிட்டல் கைது’ செய்யப்பட்டிருப்பதாகவும், கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டாரிடம் பேசக் கூடாது என்றும் கட்டளையிடுவார். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமரே இதைச் சொல்லி எச்சரித்தார்.

பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் சந்தை இந்திக்கு மேல் பழகாத நம் பெரியவர்கள், ‘தாரா’ (சட்டப் பிரிவு), ‘வாரண்ட்’ என்று சரமாரியாக வரும் சொற்கள் புரியாததைத் தம் குறையாக எண்ணி, ‘ஹாங் ஜி, ஹாங் ஜி’ என்று கேட்டுக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். பாதிப் பேச்சில் வைப்பது மரியாதையில்லை என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. அந்தத் தயக்கத்தை இங்கே விட்டொழிக்க வேண்டும்: பதில் சொல்லாமல் துண்டியுங்கள். சந்தேகம் தீரவில்லையெனில், மாட்டுங்காவிலோ தாராவியிலோ இருப்பவர் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நேரில் போய் விசாரிக்கலாம்; அதைத்தான் மிரட்டுபவர் விரும்பமாட்டார்.

குழாய் எரிவாயுக் கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பினால், அதைத் திறக்காதீர்கள். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பணம் அனுப்புவதற்குத்தான் யுபிஐ பின் வேண்டும், பெறுவதற்கு வேண்டாம் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை செய்துகாட்டுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடும்.

நான்காம் படி: உரிய இடத்தில் புகார் செய்தல்

பணம் போகவில்லையெனில், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் அந்த அழைப்பைப் பதிவு செய்தால் போதும். பணம் போய்விட்டதெனில், யாரிடமும் யோசனை கேட்டு நேரத்தைக் கழிக்காமல் உடனே இணையக் குற்றப் புகார்களுக்கான உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். களவுபோன பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், எவ்வளவு விரைவில் தகவல் போகிறதோ அவ்வளவுக்கு அதை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மொழி தடுமாறும் என்று தோன்றினால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பேசச் சொல்லலாம்.

ஐந்தாம் படி: உங்கள் பெயரில் உள்ள சிம்களை எண்ணுதல்

அதே சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணையும் அதற்கு வரும் ஓடிபியையும் கொடுத்தால், உங்கள் பெயரில் இயங்கும் இணைப்புகள் அனைத்தும் பட்டியலாக வரும். பழக்கமில்லாத எண் ஏதேனும் இருந்தால், ‘இது என் எண் அன்று’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுங்கள். என் அத்தையின் பெயரில் மூன்று இணைப்புகள் இருந்தன. அவரிடம் இருந்த கைப்பேசியோ ஒன்று.