பாதி சரியாக இருக்கும் விடைகள்: அறிவியலின் முதல் பாடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியலைப் புதிதாகப் படிப்பவர்களின் விடைத்தாளைத் திருத்தும்போது வெற்றிடம் விட்டிருந்தால் நான் கவலைப்படுவதில்லை. தெரியாததைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். தவறான விடையை முழு நம்பிக்கையோடு, அழகாகப் படமும் போட்டு எழுதியிருப்பார்களே, அங்கேதான் வேலை அதிகம். அந்த விடைகளில் ஒரு நியாயம் இருக்கும். நெருப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும். ஆகவே பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை. இப்படி யோசிப்பவரிடம் நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்வி: "சரி, இது உண்மையென்றால் கூடவே வேறு என்னவெல்லாம் நடந்தாக வேண்டும்?"

அந்தக் கேள்வியைப் பருவ காலத்தில் வைத்துப் பார்ப்போம். தூரம்தான் காரணம் என்றால் பூமி முழுவதற்கும் ஒரே சமயத்தில் கோடை வந்தாக வேண்டும். வருவதில்லை. வட அரைக்கோளம் குளிரில் நடுங்கும் ஜனவரியில் தென் அரைக்கோளத்தில் நல்ல கோடை. இன்னும் வியப்பு என்னவென்றால், பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி முதல் வாரத்தில்தான். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் மிகவும் விலகி நிற்கும்போது சுமார் 15.2 கோடி.

இந்தத் தவறு மனதில் பதிவதற்குப் படங்களும் ஒரு காரணம். பாதை நீள்வட்டம் என்று காட்டுவதற்காக அதை முட்டை போல இழுத்து வரைந்துவிடுகிறார்கள். ஒருமுறை அளவோடு வரைந்து பாருங்கள். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால், பூமியின் உண்மையான பாதை அந்த வட்டத்திலிருந்து அதிகபட்சம் 0.014 மில்லிமீட்டர்தான் விலகும். பென்சில் கோட்டின் தடிமனே அதைவிடப் பல மடங்கு. சூரியனை மையத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி வைத்தால் படம் முடிந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது வட்டம்தான்.

உண்மையான காரணம் பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. சாய்வினால் எப்படிச் சூடு கூடும் என்பது புரிய ஒரு டார்ச் விளக்கும் கட்டம் போட்ட தாளும் போதும். விளக்கை நேர் மேலே பிடித்து, வெளிச்சம் எத்தனை கட்டங்களில் விழுகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் விளக்கைச் சரித்து, ஒளி தாளை 30 டிகிரி கோணத்தில் தொடுமாறு பிடியுங்கள். வெளிச்சம் நீண்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டங்களை மூடும். அதே ஒளி இரண்டு மடங்கு இடத்துக்குப் பங்கு போனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைப்பது பாதி. கோடையில் சூரியன் உச்சிக்கு ஏறுவதும் பகல் நீள்வதும் சேர்ந்துகொள்கின்றன.

சாய்வு என்று சரியாக எழுதியவர்களும் அடுத்த படியில் இரண்டு இடத்தில் தவறுவார்கள். "கோடையில் அச்சு சூரியன் பக்கம் சாய்கிறது, குளிரில் மறுபக்கம் சாய்கிறது" என்பது ஒன்று. அச்சு அப்படி ஆடுவதில்லை. ஆண்டு முழுவதும் அது ஒரே திசையைத்தான் காட்டுகிறது. பூமிதான் சூரியனின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. துருவ நட்சத்திரம் எல்லா மாதமும் வடக்கிலேயே தெரிகிறதே, அதுவே சாட்சி. மற்றொன்று, "சாய்ந்த பக்கம் சூரியனுக்குக் கிட்டே போய்விடுகிறது" என்பது. பூமியின் விட்டமே 12,700 கிலோமீட்டர் சொச்சம். 15 கோடியில் இது எந்த மூலைக்கு? தூரம் என்ற பழைய விடை வேறு உருவத்தில் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் என்பதும் இதே ரகம். பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில்தான் விழும். அப்படியானால் அரைநிலா தெரியும்போது சூரியன் நிலவுக்கு எதிரே, அடிவானத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். வளர்பிறையில் அரைநிலா நாளன்று பிற்பகல் வானத்தைப் பாருங்கள்: சூரியனும் அரைநிலாவும் ஒரே வானில் நிற்கும். நிழலுக்கு அங்கே வேலையே இல்லை. நிலவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடிக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதுதான் பிறை. பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டும். நிலவின் பாதை பூமியின் பாதைத் தளத்திலிருந்து சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் எல்லாப் பௌர்ணமியிலும் அது நடப்பதில்லை. கூடவே, நமக்குத் தெரியாத மறுபக்கத்தை "இருண்ட பக்கம்" என்று எழுதாதீர்கள். அமாவாசையன்று வெயிலில் குளிப்பது அந்தப் பக்கம்தான். 1959இல் சோவியத் ஒன்றியத்தின் லூனா 3 விண்கலம் அதைப் படம் பிடித்ததும் சூரிய வெளிச்சத்தில்தான்.

விண்வெளி வீரர்கள் மிதப்பதைப் பார்த்துவிட்டு "அங்கே ஈர்ப்பு விசை இல்லை" என்பவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். 400 கிலோமீட்டர் உயரத்திலேயே ஈர்ப்பு இல்லையென்றால் 3,84,400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலவைப் பிடித்து வைத்திருப்பது எது? பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 விழுக்காடு இருக்கிறது. அத்தனை உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, 60 கிலோ ஆள் ஒருவரை உச்சியில் எடை மெஷினில் நிற்க வைத்தால் முள் 53இல் நிற்கும். மிதக்க மாட்டார். நிலையத்துக்குள் மிதப்பதற்குக் காரணம், நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பது. நொடிக்கு 7.6 கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் ஓடுவதால், விழ விழ பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. தரை வந்து தொடுவதே இல்லை. எனக்கு அறிவியலில் மிகவும் பிடித்த காட்சி இது. "விண்வெளியில் ஈர்ப்பு இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் இத்தனை அழகும் போய்விடும்.

ஒளியாண்டைக் காலமாக எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தூரம், ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

பூமிக்குள்ளே போவோம். மேலோட்டுக்குக் கீழே எல்லாம் கொதிக்கும் குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டுமுகப் படத்தில் மேலோட்டுக்கு அடுத்த தடித்த பாறை அடுக்கான கவசத்துக்கு ஆரஞ்சு நிறம் அடித்திருப்பார்கள். எரிமலையிலிருந்தும் குழம்பு வருகிறது. நினைப்பதில் தப்பில்லை. ஆனால் நிலநடுக்கத்தில் இரண்டாம் நிலை அலைகள் என்று ஒரு வகை உண்டு. பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே போகும் இவை திரவத்தின் வழியே செல்லாது. கவசம் திரவமென்றால் இந்த அலைகள் அங்கேயே நின்றிருக்க வேண்டும். அவையோ சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை தாராளமாகப் போகின்றன. அதற்கும் கீழே, பூமியின் மையக் கருவின் வெளி அடுக்கான வெளிக்கருவில்தான் நின்றுபோகின்றன. ஆகவே கவசம் திடம், வெளிக்கரு திரவம். கவசத்தின் அடியில் வெப்பம் கடுமையாக இருந்தாலும் மேலிருந்து அழுத்தும் பாரம் பாறையை உருக விடுவதில்லை. அந்தத் திடப் பாறை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நகம் வளரும் வேகத்தில், நகர்ந்துகொண்டும் இருக்கிறது. அழுத்தம் குறையும் இடத்திலும், கடலடித் தட்டு அமிழ்ந்து நீரைக் கொண்டுசேர்க்கும் இடத்திலும் மட்டும் கொஞ்சம் உருகுகிறது. எரிமலைக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

நிலநடுக்கம் என்றதும் இன்னொன்று. ரிக்டர் 7 என்பது 5ஐ விட "இரண்டு கூடுதல்" ஆகாது. ஒவ்வொரு எண் ஏறும்போதும் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்காகும். இரண்டு எண் ஏறினால் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு.

உடல்நலத்தில் வரும் தவறுகளைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பதற்றம் வந்துவிடும். பிறையைத் தவறாகப் புரிந்துகொண்டால் மதிப்பெண் போகும். ஆன்டிபயாடிக்கைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஆளே பாதிக்கப்படலாம். சளி, ஃபுளு போன்றவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தாக்குவது பாக்டீரியாவின் செல்சுவரையும் அதன் புரத ஆலைகளையும். வைரஸுக்கு இரண்டுமே கிடையாது. "மாத்திரை போட்டேன், ஐந்து நாளில் சரியாகிவிட்டது" என்பார்கள். போடாமல் இருந்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்கும்? சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும். ஒன்றன்பின் ஒன்று நடந்ததாலேயே முதலாவது இரண்டாவதுக்குக் காரணமாகிவிடாது.

இதைவிட ஆழமாக வேரோடிய தவறு ஒன்று உண்டு: "என் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது." பழகியது உடம்பு என்றால், வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக்கும் தொடாதவருக்கு அந்த மருந்து கட்டாயம் வேலை செய்ய வேண்டுமே! எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி தொற்றினால் அவருக்கும் வேலை செய்யாது. மாறியது பாக்டீரியா. மருந்துக்குத் தப்பியவை பெருகுகின்றன. தப்பும் வழியை எழுதிவைத்த மரபணுவை ஒன்றுக்கொன்று கைமாற்றியும் கொள்கின்றன. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் தன் நோபல் உரையிலேயே இந்த ஆபத்தைச் சொல்லி எச்சரித்தார். மருத்துவர் எழுதித் தராமல் எடுக்காதீர்கள். எழுதித் தந்ததை அவர் சொன்னபடி எடுங்கள். மீதியை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

"நோய் வரும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுகிறது" என்ற தலைப்பைப் பார்த்தால், எதிலிருந்து எதற்கு என்று தேடுங்கள். ஆயிரத்தில் 2 பேர் 3 பேரானாலும் 50 விழுக்காடுதான். ஆயிரத்தில் 200 பேர் 300 ஆனாலும் அதேதான்.

இனி மரபியல். "ஓங்கு பண்பு" என்ற பெயரே ஆளைத் திசைதிருப்புகிறது. ஓங்கியது என்றால் காலப்போக்கில் எல்லாரிடமும் பரவிவிடும் என்று தோன்றும். 1908இல் விரல்கள் குட்டையாக இருக்கும் ஓர் ஓங்கு பண்பை வைத்து இந்த ஐயம் அறிஞர்களிடையிலேயே எழுந்தது: அது ஓங்கு பண்பு என்றால் நாளடைவில் நான்கில் மூன்று பேருக்கு இருக்க வேண்டாமா? மரபியலாளர் புன்னெட் அந்தக் கேள்வியைக் கணிதவியலாளர் ஹார்டியிடம் கொண்டுபோனார். தலைமுறை மாறுவதால் மட்டும் ஒரு பண்பின் விகிதம் கூடவோ குறையவோ செய்யாது என்று ஹார்டி சில வரிக் கணக்கில் காட்டினார். இன்று ஹார்டி–வைன்பெர்க் விதி என்று படிக்கிறோமே, அதுவே இது. ரத்தப் பிரிவைப் பாருங்கள்: ஓ வகை ஒடுங்கு பண்பு, உலகில் அதிகம் பேருக்கு இருப்பதும் அதுதான். ஓங்கு, ஒடுங்கு என்பவை ஒரு செல்லுக்குள் இரண்டு வடிவங்கள் சேர்ந்திருக்கும்போது எது வெளியே தெரியும் என்பதை மட்டுமே சொல்கின்றன.

கடைசியாக, பெற்றோரின் மரபணுக்கள் குழந்தையிடம் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் நாலு கட்டப் படம். பெற்றோர் இருவரும் ஒரே ஒடுங்கு நோயின் (இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் நோயின்) மரபணுவைச் சுமப்பவர்கள். நாலில் ஒரு கட்டத்தில் நோய். உடனே "நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு வரும், முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் மற்ற மூன்றும் தப்பிவிடும்" என்று எழுதிவிடுகிறார்கள். தேர்வுத்தாளில் மட்டுமல்ல, நிஜக் குடும்பங்களிலும் இப்படி நம்புகிறார்கள் என்பதால் இதை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல், பட்டாணிச் செடிகளை வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றி 1866இல் வெளியிட்ட கட்டுரையின் எண்களைப் பாருங்கள். மொத்தமாக எண்ணியபோது உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்குக்கு அவ்வளவு நெருக்கம். ஆனால் தனித்தனிச் செடிகளில்? ஒரு செடியில் 43 உருண்டைக்கு 2 சுருங்கியது. இன்னொன்றில் 14 உருண்டைக்கு 15 சுருங்கியது. மெண்டல் இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். ஏழாயிரம் விதையில் தெரியும் ஒழுங்கை ஒரே செடியில் எதிர்பார்க்க முடியாது. நான்கு குழந்தைகளில் எப்படி எதிர்பார்ப்பது? படத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு வாய்ப்பு, குழந்தை அல்ல. முதல் குழந்தைக்கு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டாவதுக்கு அதே நாலில் ஒன்று, மூன்றாவதுக்கும் அதே நாலில் ஒன்று.