சாயம் ஏறிய துணியைக் காயவிடாதீர்கள்

புதுச் சிவப்புச் சுங்குடிச் சேலையோடு வெள்ளை வேட்டியும் வாஷிங் மெஷினுக்குள் போய், இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. கடலூர் வெயிலில் கொடியில் போடப் போன கணவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். காய்ந்துவிட்டால், அதிலும் இஸ்திரி போட்டுவிட்டால், ஏறிய சாயத்தை எடுப்பது பெரும்பாடு. ஈரமாகவே வைத்திருங்கள்.

குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச் பொடி (உறையில் சோடியம் பெர்கார்பனேட் என்று இருக்கும்) கடையில் கிடைக்கும். உறையில் சொன்ன அளவை வெந்நீரில் முழுதும் கரைத்து, வேட்டியை ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடியும் ஊறப்போட வேண்டும். எனக்கு இரண்டு முறை ஆயிற்று. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அதனால் குடிநீரையே எடுத்தேன். கடின நீரில் பொடி சரியாக வேலை செய்யாது.

பட்டுக்கும் கம்பளிக்கும் இது வேண்டாம். குளோரின் பிளீச் வெள்ளைப் பருத்திக்கு மட்டும், ஜரிகைக் கரை இருந்தால் அதுவும் கூடாது. குளோரின் பிளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ கலந்தால் நச்சு வாயு வரும், ஜாக்கிரதை.

கல்லுப்பு போடச் சொன்னார் மாமியார். போட்டேன், அவர் மனம் கோணாமல் இருக்க. ஏறிய சாயத்தை உப்பு எடுக்காது.