புதிய கேமரா, பழைய லைட்ரூம்: ரா ஃபைல் திறக்காதபோது செய்யக் கூடாதவை

"அண்ணே, கார்டு போயிருச்சுண்ணே. ஒரு படம்கூடத் திறக்க மாட்டேங்குது." பூம்பாறைத் தேர் முடிந்த மறுநாள் காலையில் கொடைக்கானலில் என் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றான் தம்பி ஒருவன். கையில் புத்தம்புது மிரர்லெஸ் கேமரா. தேரை முழுக்க ரா (RAW) ஃபைலாகவே எடுத்திருக்கிறான். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதோ லைட்ரூம் 6, அடோபியின் பழைய படத்திருத்த மென்பொருள். ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று அது சொன்னதும், கார்டில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, இரண்டில் ஒரு கார்டை அங்கேயே ஃபார்மேட் செய்துவிட்டான்.

இதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் கிடையாது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் படிக்கத்தான் பழைய மென்பொருளுக்குத் தெரியவில்லை.

ரா என்பது சென்சார் பதிந்த வெறும் எண்கள். அவற்றை நிறமாக்க, அந்த மாடலில் கறுப்பு எந்த அளவில் தொடங்குகிறது, நிறக் கணக்கு என்ன என்றெல்லாம் மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதிய மாடல் வர வர, இதை அப்டேட்டில் சேர்த்துக்கொண்டே போவார்கள். லைட்ரூம் 6-க்கு 2017 டிசம்பரில் வந்த 6.14-தான் கடைசி. கேனானின் புதிய ரா வகையான சி.ஆர்.3 ஃபைல் வந்ததோ 2018-இல், எம்50 கேமராவோடு. எங்கள் மலையில் குறிஞ்சி பூத்த வருஷம் அது. அதற்கு முந்தைய 2006 குறிஞ்சியில் எடுத்த என் சி.ஆர்.2 (கேனானின் பழைய ரா வகை) படங்கள் அதே லைட்ரூமில் இன்றும் பிசகாமல் திறக்கின்றன.

"சின்னதா படம் தெரியுதேண்ணே" என்றான். ராவுக்குள் கேமராவே ஒரு ஜேபெக்கை வைத்து அனுப்புகிறது. போல்டரில் தெரிவது பெரும்பாலும் அதுதான். அது தெரிவதால் உள்ளே இருக்கும் ராவும் திறக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஃபைல் பெயரில் சி.ஆர்.3-ஐ சி.ஆர்.2 என்று மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. வத்தலக்குண்டு பஸ்ஸில் பழனி போர்டை மாட்டினாலும் டிரைவர் வத்தலக்குண்டுக்குத்தான் போவார். சி.ஆர்.2-இன் உள்கட்டு டிஃப் (TIFF) என்ற பட ஃபைல் வகை, சி.ஆர்.3 எம்பி4 வீடியோவின் சாதி. அதற்காக, பெயர் ஒன்றாக இருந்தாலே திறந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். நிக்கானின் ரா ஃபைலில் பழையதும் என்.இ.எஃப்., புதியதும் என்.இ.எஃப்.தான். ஆனால் 2021-இல் வந்த இசட்9-இன் 'ஹை எஃபிஷியன்ஸி' ஃபைல் உள்ளே வேறு விதமாகச் சுருக்கப்பட்டது.

படத்துக்குள் பதிந்திருக்கும் கேமரா விவரங்களை மாற்றும் எக்ஸிஃப் டூல் என்ற மென்பொருளில் மாடல் பெயரைப் பழைய கேமராவாக மாற்றி எழுதும் தந்திரம் சில சமயம் பலிக்கும். நிறம்தான் காலைவாரும், மேகமூட்டமெல்லாம் இளஞ்சிவப்பாக வந்து நிற்கும். செய்தே தீருவேன் என்றால் நகலில் மட்டும் செய்யுங்கள்.

சரி, என்னதான் வழி? அடோபியின் டி.என்.ஜி. கன்வெர்ட்டர் இலவசம். ராவை டி.என்.ஜி., அதாவது அடோபியின் பொதுவான ரா வகை, ஆக்கினால் பழைய லைட்ரூமும் திறக்கும். இதிலும் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, அமைப்பில் எந்த 'கேமரா ரா' (ராவைப் படிக்கும் அடோபி மென்பொருள்) பதிப்புக்குப் பொருந்த வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கிறது. உங்கள் மென்பொருளின் காலத்துக்கு ஏற்ற பழைய பதிப்பை அங்கே கொடுங்கள். அப்புறம், புதிய கேமராவைப் படிக்கப் புதிய கன்வெர்ட்டர் வேண்டும். அது விண்டோஸ் 7-இல் ஏறாது. தம்பியின் கம்ப்யூட்டர் அதுதான். பக்கத்து வீட்டு லேப்டாப்பை வாங்கிவந்து மாற்றினோம்.

டி.என்.ஜி. கைக்கு வந்ததும் மூல ராவை அழித்துவிடாதீர்கள். கேனானின் சொந்த மென்பொருளான டி.பி.பி. இந்த டி.என்.ஜி.யைத் திறக்காது. உண்மையில் டி.பி.பி.யோ, நிக்கானின் என்.எக்ஸ். ஸ்டுடியோவோ இலவசம்தான், அதில் திறந்து 16-பிட் டிஃப்பாக எடுத்துக்கொண்டாலும் வேலை நடக்கும். ராவைத் திறந்து திருத்தும் டார்க்டேபிள், ராதெரபி என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசமே. பழகச் சில நாள் பிடிக்கும்.

புதிய கேமரா வாங்கினால், முதல் வாரம் ராவோடு ஜேபெக்கையும் சேர்த்தே எடுங்கள். வீட்டு வாசலில் நாலு படம் எடுத்துத் திறந்து பார்த்த பிறகு தேருக்கோ கல்யாணத்துக்கோ போங்கள்.

ஃபார்மேட் செய்த கார்டில் தம்பி அதற்குப் பிறகு ஒரு படமும் எடுக்காமல் இருந்தது பெரிய புண்ணியம். மீட்பு மென்பொருளை ஓடவிட்டதில் பாதிக்கு மேல் கிடைத்தது. தேர் நிலைக்கு வந்த கடைசிப் படங்கள் மட்டும் வரவில்லை.