டிராஃப்ட் கண்ட்ரோல் லிவரைப் பழகுவது எப்படி? புதிதாக உழவு ஓட்டுகிறவர்களுக்கு

டிராக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராலிக் லிவர் இருக்கும்: கலப்பையின் உயரத்தை வைக்கும் பொசிஷன் லிவர், இழுவையைப் பார்த்துக்கொள்ளும் டிராஃப்ட் லிவர். புதிதாக ஓட்டுகிறவர்கள் பொசிஷன் லிவரை மட்டும் பிடித்துக்கொண்டு, வண்டி திணறும்போதெல்லாம் கலப்பையைத் தூக்கி, அப்புறம் இறக்கி, நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். அந்த வேலைக்குத்தான் டிராஃப்ட் லிவர் இருக்கிறது.

முதலில் வண்டியை நிறுத்திவிட்டு, கலப்பையின் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் தண்டான டாப் லிங்க்கைப் பாருங்கள். உழும்போது மண் கொழுவைப் பின்னால் இழுக்கும். கீழே இரண்டு லிங்க்கும் பிடித்திருப்பதால் கலப்பையின் மேல்பகுதி முன்னால் சாய்ந்து டாப் லிங்க்கை வண்டிப் பக்கம் தள்ளும். அது முட்டுகிற இடத்தில் கெட்டியான ஒரு ஸ்பிரிங். இறுகிய மண் வந்தால் ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கி, ஹைட்ராலிக் வால்வு திறந்து, கலப்பை கொஞ்சம் மேலே வரும். இழுவை குறைந்ததும் மறுபடி இறங்கும். மாசி பெர்குசன் டிராக்டர் கம்பெனியின் பெயரில் இருக்கிறாரே ஹாரி பெர்குசன், அவர் 1920-களிலேயே யோசித்த ஏற்பாடு இது. பெரிய வண்டிகளில் டாப் லிங்க்குக்குப் பதிலாகக் கீழ் லிங்க்குகளில் இழுவையை அளப்பார்கள், புதியவற்றில் அதற்கு சென்சார் வைத்த பின் (pin) வந்துவிட்டது.

சரி, வயலில் இறங்குவோம். டாப் லிங்க் நீளத்தைத் திருகிக் கலப்பையைச் சமமாக்குங்கள். பொசிஷன் லிவரை எங்கே வைக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்தே வையுங்கள். பிறகு ஓடிக்கொண்டே டிராஃப்ட் லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வேண்டிய ஆழம் வந்ததும் அங்கேயே ஸ்டாப்பரை இறுக்குங்கள். பத்தடி ஓடி, இறங்கிப்போய் சாலில் குச்சி விட்டு அளந்து பாருங்கள், சீட்டில் இருந்தே கணக்குப் போடாதீர்கள். கலப்பை சும்மா ஏறி இறங்கிக் குதித்தால் ரெஸ்பான்ஸை, அதாவது கலப்பை இறங்கும் வேகத்தைக் குறையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த லிவர் காப்பது இழுவையை, ஆழத்தை அல்ல. ஒரே வயலில் பாதி களி, பாதி மணல் என்றால் மணலில் கலப்பை கூடுதலாக இறங்கிவிடும், அங்கே லிவரை லேசாகத் தூக்கிக் கொடுங்கள். ரொட்டவேட்டர், ஸ்பிரேயர் இவற்றுக்கெல்லாம் டிராஃப்ட் வேண்டாம், பொசிஷன்தான்.

கலப்பை தூக்கியிருக்கும்போது அதன் அடியில் கையோ காலோ வைக்காதீர்கள். எந்த வேலை பார்ப்பதானாலும் கீழே இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள்.